விண்டோஸ் 7 கணினியில் மென்பொருள் ஏற மறுத்தால்: படிப்படியான வழிகாட்டி

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்த பிள்ளைக்குப் பைத்தன் என்ற நிரலாக்க மொழி வேண்டும். வீட்டில் இருப்பதோ, கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் பாவித்துவிட்டுக் கொடுத்த பழைய லெப்டொப். அதில் விண்டோஸ் 7. தோட்டத்தில் சிக்னல் ஒரு கோடுதான் என்பதால் ஹட்டன் டவுனுக்குப் போய், கடையில் டவுன்லோட் செய்து, பென் டிரைவில் கொண்டுவந்தாயிற்று. ஃபைலை இரண்டு தரம் கிளிக் செய்தால் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பெட்டி வந்து நிற்கிறது.

அந்தப் பெட்டியை மூடிவிட்டு மறுபடி மறுபடி கிளிக் செய்வதுதான் எல்லோரும் செய்வது. அதில் உள்ளதை அப்படியே போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் சொல்லும் காரணம் பெரும்பாலும் உண்மையானது; சொல்கிற விதம்தான் புரியாது. பழைய கணினியில் மென்பொருள் ஏறாததற்கு அநேகமாக மூன்றில் ஒன்றுதான் காரணம்: கொண்டுவந்த பதிப்பு இந்தக் கணினிக்கானது அல்ல, அந்தப் பதிப்பு எதிர்பார்க்கும் அடிப்படை அப்டேட் இதில் இல்லை, அல்லது ஃபைலை நம்பலாமா என்று கணினியால் சரிபார்க்க முடியவில்லை.

முதலில் கணினியின் சாதகம்

ஸ்டார்ட் மெனுவில் கம்ப்யூட்டர் என்பதன்மேல் ரைட் கிளிக் செய்து புரொப்பர்ட்டீஸைத் திறவுங்கள். மூன்று விடயங்களைத் தாளில் எழுதுங்கள். விண்டோஸ் பதிப்பும் அதன் கீழே 'சர்வீஸ் பேக் 1' (பல அப்டேட்டுகளை ஒன்றாகச் சேர்த்த பெரிய தொகுப்பு) என்ற வரி இருக்கிறதா என்பதும் முதலாவது. சிஸ்டம் டைப் 32 பிட்டா 64 பிட்டா என்பது இரண்டாவது. ரேம் எவ்வளவு என்பது மூன்றாவது.

டவுன்லோட் பக்கங்களில் 32 பிட்டை 'எக்ஸ்86' என்றும், 64 பிட்டை 'எக்ஸ்64' என்றும் போடுவார்கள். 86 பெரிய எண் என்பதால் அதுதான் புதியது என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறையப் பேர். 32 பிட் மென்பொருள் இரண்டு வகைக் கணினியிலும் ஓடும். 64 பிட் மென்பொருள் 32 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது. சந்தேகம் என்றால் 32 பிட்டை எடுங்கள். ஆனால் விண்டோஸின் சொந்த அப்டேட்டுகளுக்கு இந்தச் சலுகை இல்லை. அவை கணினியின் வகையோடு சரியாகப் பொருந்த வேண்டும்.

மணிக்கூடு சரியா?

இது சின்ன விடயமாகத் தெரியும். ஆனால் பல மணிநேர அலைச்சலை இதுவே மிச்சப்படுத்தும். திரையின் வலது மூலையில் திகதியைப் பாருங்கள். 2009 என்றோ 2010 என்றோ காட்டினால், இணையப் பக்கம் திறக்காது, அப்டேட் ஓடாது, இணையம் வழியாக ஏறும் மென்பொருளும் பாதியில் நிற்கும். ஒரு தளத்தையோ ஃபைலையோ நம்பலாம் என்று கணினிக்குக் காட்டுவது பாதுகாப்புச் சான்றிதழ்; ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கணினி 2009 இல் நின்றால், இன்றைய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத பிள்ளை. விண்டோஸ் அப்டேட்டில் 80072எஃப்8எஃப் என்ற எண் வந்தால் முதலில் பார்க்கவேண்டியது திகதியைத்தான்.

திகதியைத் திருத்தி, கணினியை அணைத்து, பிளக்கையும் கழற்றி, மறுநாள் போட்டுப் பாருங்கள். திகதி மறுபடி பின்னுக்குப் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. அநேகமான மேசைக் கணினிகளில் அது சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. மணிக்கூடு திருத்தும் கடையிலும் கிடைக்கும். பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, பிறகு மாற்றுங்கள். எழுத்துள்ள பக்கம் மேலே பார்க்க வேண்டும். லெப்டொப்பில் அது பெரும்பாலும் வயரோடு வரும். பழக்கம் இல்லாவிட்டால் கடையில் கொடுப்பதே நல்லது. நேர வலயத்தில் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' என்று 5.30 க்குத் தனி வரி இருக்கிறது, அதைத் தெரிவுசெய்யுங்கள்.

கடையில் டவுன்லோட் செய்யும்போது நடக்கும் தவறு

டவுன்லோட் பக்கங்கள், அதைத் திறந்த கணினி எது என்று பார்த்தே ஃபைலைத் தருகின்றன. கொமியூனிகேஷன் கடையில் இருப்பது விண்டோஸ் 11 என்றால், பெரிய பட்டனை அழுத்தியதும் வருவது விண்டோஸ் 11 க்கான புதிய பதிப்பு. போனில் திறந்தால் பிளே ஸ்டோருக்குக் கொண்டுபோய் விடும். வீட்டில் உள்ள கிழட்டு இயந்திரத்தைப் பற்றி அந்தப் பக்கத்துக்கு என்ன தெரியும்? ஆகவே பெரிய பட்டனை விட்டுவிட்டு 'பழைய பதிப்புகள்' அல்லது 'ஏனைய இயங்குதளங்கள்' என்ற சிறிய இணைப்பைத் தேடுங்கள்.

விண்டோஸ் 7 இல் எந்தப் பதிப்புவரை ஏறும் என்பதைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். குரோம் 109 தான் கடைசி. ஃபயர்பாக்ஸில் 115 என்ற நீடித்த ஆதரவுப் பதிப்பு, அதிலும் 115.13 அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அதற்கு முந்தியவற்றுக்குள் இருந்த ஒரு மூலச் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களை நம்புவதற்கு அடிப்படையானது) 2025 மார்ச் மாதத்தில் காலாவதியாகிவிட்டது. லிப்ரே ஆபிஸ் 25.8 இலிருந்து விண்டோஸ் 7 ஐயும் 8 ஐயும் கைவிட்டது, 24.8 ஐ எடுத்தால் பிரச்சினை இல்லை. விஎல்சி 3, செவன்-ஜிப் இரண்டும் எக்ஸ்பியிலேயே ஓடும் என்பதால் அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பைத்தனைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விண்டோஸ் 7 க்குக் கடைசி 3.8, 3.9 இலிருந்து ஏறாது. ஆனால் 3.8 வரிசையில் ஆகப் பெரிய எண்ணைத் தேடிப் போனால் விண்டோஸ் நிறுவி, அதாவது மென்பொருளை ஏற்றும் ஃபைல், கிடைக்காது. 3.8.10 க்குப் பிறகு வந்தவை மூல நிரலாக மட்டுமே வெளியாயின. எடுக்கவேண்டியது 3.8.10. ஏற்றும்போது முதல் திரையின் அடியில் 'ஆட் பைத்தன் 3.8 டு பாத்' என்ற சிறு கட்டத்தில் சரி போட மறக்க வேண்டாம். உயர்தரப் பாடத்திட்டத்தில் உள்ள பயிற்சிகளுக்கு 3.8 தாராளமாகப் போதும்.

வீட்டில் இன்னும் எக்ஸ்பிதான் என்றால் குரோம் 49, ஃபயர்பாக்ஸ் 52, பைத்தன் 3.4 என்பவைதான் எல்லை. அதில் நேரம் செலவழிப்பது வீண்; கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

இன்னொன்று: ஒன்றிரண்டு எம்பி மட்டுமே உள்ள நிறுவி என்றால், அது மிச்சத்தை இணையத்திலிருந்து இழுக்கப் போகிறது என்று அர்த்தம். 'ஆஃப்லைன் இன்ஸ்டாலர்' என்று கேட்டு முழு ஃபைலை எடுங்கள். ஃபைலின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் ரைட் கிளிக் செய்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். பென் டிரைவ் ஃபேட்32 வகை என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனி ஃபைலை ஏற்காது.

அடித்தளம் போடுதல்

சரியான பதிப்பைக் கொண்டுவந்தும் ஏறவில்லை என்றால் அடித்தளத்தில் ஓட்டை. பழைய கணினியை விற்பவர்கள் ஹார்ட் டிஸ்க்கை அழித்து விண்டோஸ் 7 ஐப் புதிதாகப் போட்டுத் தருவது வழக்கம். அதாவது அது 2009 ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான நிலையிலோ, 2011 இன் சர்வீஸ் பேக் நிலையிலோ நிற்கும். அதற்குப் பின்னால் வந்த எதுவும் அதில் இருக்காது. மைக்ரோசாப்ட் இதற்கான பொது ஆதரவை 2020 ஜனவரி 14 அன்று நிறுத்தியது. ஆனாலும் அதற்கு முன் வெளிவந்த அப்டேட்டுகளை 'மைக்ரோசாப்ட் அப்டேட் கேட்டலாக்' என்ற தளத்தில் கேபி எண்ணை, அதாவது அந்த அப்டேட்டின் அடையாள எண்ணை, கொடுத்துத் தேடி எடுக்கலாம்.

தொடங்குமுன், பிழைத்தால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரிஸ்டோர் பாயின்ட் ஒன்று போடுங்கள்: கம்ப்யூட்டர் புரொப்பர்ட்டீஸில் சிஸ்டம் புரொடெக்‌ஷன், அதில் கிரியேட். பிறகு இந்த வரிசை மாறக் கூடாது.

1. சர்வீஸ் பேக் 1, கேபி 976932. 64 பிட் ஃபைல் 903 எம்பி, 32 பிட் 537 எம்பி. சி டிரைவில் 64 பிட்டுக்கு ஏறக்குறைய 7.4 ஜிபி, 32 பிட்டுக்கு 4.1 ஜிபி காலியாக இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் பாதி வழியில் தோற்று, எல்லாவற்றையும் திருப்பிப் போடும்.

2. கேபி 4490628. அப்டேட்டுகளை ஏற்றும் பொறியையே புதுப்பிக்கும் சின்ன ஃபைல்.

3. கேபி 4474419. இதுதான் முக்கியமானது. முந்திய மென்பொருள்கள் ஷா-1 என்ற முறையில் கையொப்பமிடப்பட்டன, இன்றையவை ஷா-2. இந்த அப்டேட் இல்லாத விண்டோஸ் 7 க்குப் புதிய கையொப்பத்தை வாசிக்கத் தெரியாது. டிரைவர் ஏறாததும், நிறுவியின் கையொப்பம் செல்லாது என்று வருவதும் இதனால்தான். ஏற்றியதும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

4. கேபி 3063858. பைத்தன் 3.8 எதிர்பார்ப்பது இதில் இருக்கிறது. பழைய குறிப்புகளில் இதற்குக் கேபி 2533623 என்று இருக்கும். அதற்குப் பதிலாக வந்ததுதான் இது.

5. கேபி 2999226. லிப்ரே ஆபிஸ் உட்படப் பல மென்பொருள்களுக்கு வேண்டிய பொது நூலகம்.

6. விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் 2015–2019. கணினி 64 பிட் என்றாலும் எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் போடுங்கள். 32 பிட் மென்பொருள் தனக்குரியதைத்தான் தேடும்.

7. மைக்ரோசாப்டின் டொட் நெட் என்ற துணை மென்பொருளைக் கேட்கும் மென்பொருள் இருந்தால் மட்டும்: முதலில் கேபி 4019990, பிறகு டொட் நெட் 4.8 இன் ஆஃப்லைன் நிறுவி.

ஏழாவதில் 'நம்பகமான மூலச் சான்றிதழ்வரை சங்கிலி அமைக்க முடியவில்லை' என்ற பொருளில் ஒரு மறுப்பு வரலாம். இணையத்தில் இணையாமலே கிடந்த கணினியில் மைக்ரோசாப்டின் 2011 மூலச் சான்றிதழ் இருக்காது. அதன் ஃபைலை மைக்ரோசாப்ட் தளத்தில் எடுத்து, இரண்டு தரம் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். எங்கே வைப்பது என்று கேட்கும்போது தானாகத் தெரிவுசெய்ய விடாமல், பிரவுஸ் அழுத்தி, 'ஷோ பிசிக்கல் ஸ்டோர்ஸ்' என்பதில் சரி போட்டு, டிரஸ்டட் ரூட் என்பதன் கீழ் 'லோக்கல் கம்ப்யூட்டர்' என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் உங்கள் பயனர் கணக்குக்குள் மட்டும் போய் உட்கார்ந்துகொள்ளும். நிறுவியின் கண்ணில் படாது.

'இந்த அப்டேட் உங்கள் கணினிக்குப் பொருந்தாது' என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஏற்கெனவே ஏறியிருக்கும், அல்லது பிட் மாறியிருக்கும், அல்லது சர்வீஸ் பேக் 1 இல்லாமல் இருக்கும். ஃபைல் பெயரின் தொடக்கத்தையும் பாருங்கள்: விண்டோஸ் 6.1 என்றால்தான் அது விண்டோஸ் 7 க்கானது. விண்டோஸ் 8.1 என்று இருந்தால் அது 8.1 க்கானது.

அடித்தளம் முடிந்ததும் முதலில் ஃபயர்பாக்ஸை ஏற்றி, இனிமேல் டவுன்லோட் எல்லாவற்றையும் அதிலேயே செய்யுங்கள். அது சான்றிதழ்களைத் தன் கையிலேயே வைத்திருப்பதால் விண்டோஸின் பழைய பட்டியலை நம்பி இருப்பதில்லை. மற்ற மென்பொருள்களுக்காக இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட் பகுதியின் அடியில் 'டிஎல்எஸ் 1.2' (பாதுகாப்பான இணைய இணைப்புக்கான முறை) என்பதற்குச் சரி போடுங்கள். விண்டோஸ் 7 இல் அது அணைந்த நிலையிலேயே இருந்திருக்கக்கூடும்.

பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது?

'நாட் எ வேலிட் வின்32 அப்ளிகேஷன்' என்றால் 64 பிட் ஃபைல் 32 பிட் கணினிக்கு வந்திருக்கிறது, அல்லது டவுன்லோட் பாதியில் அறுந்திருக்கிறது. அளவை ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும்.

ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி என்று தொடங்கும் டிஎல்எல் (மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நூலக ஃபைல்) இல்லை என்றால், மேலே உள்ள ஐந்தாம், ஆறாம் படிகள் விடுபட்டுள்ளன. ஆனால் ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத் என்ற டிஎல்எல் இல்லை என்று வந்தால் கதை வேறு. அது விண்டோஸ் 7 இல் ஒருபோதும் இருந்ததில்லை. எந்த அப்டேட்டாலும் அது வராது. மென்பொருளின் பழைய பதிப்பைத் தேடுவதுதான் வழி. 'கெர்னல்32 இல் புரொசீஜர் என்ட்ரி பாயின்ட் இல்லை' என்று வருவதும் அநேகமாக இதே வகைதான்.

இந்த இடத்தில்தான் பலர் குழியில் விழுகிறார்கள். டிஎல்எல் பெயரைத் தேடினால் அதைத் தனியாகத் தரும் தளங்கள் வரிசையாக வரும். அங்கே எடுத்து சிஸ்டம்32 க்குள் போடாதீர்கள். ஒன்றைப் போட்டால் அது இன்னொன்றைக் கேட்கும். எந்த வைரஸ் கூடவே வந்தது என்பதும் தெரியாது. கொம்பாட்டிபிலிட்டி மோடும் இதற்குக் கைகொடுக்காது. பழைய மென்பொருளைப் புதிய விண்டோஸில் ஓட்டத்தான் அதைச் செய்தார்கள். புதியதைப் பழையதில் ஓட்ட அல்ல.

1618 என்ற எண், இன்னொரு நிறுவல் பின்னால் ஓடுகிறது என்கிறது. பத்து நிமிடம் பொறுத்து, முடியாவிட்டால் ரீஸ்டார்ட். 1603 என்பது 'ஏதோ பிழைத்துவிட்டது' என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. கன்ட்ரோல் பேனலில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டூல்ஸ், ஈவென்ட் வியூவர், விண்டோஸ் லொக்ஸ், அப்ளிகேஷன் என்று போய், எம்எஸ்ஐ இன்ஸ்டாலர் எழுதிவைத்த சிவப்பு வரியைப் பாருங்கள். நிறுவி தனியாக லொக் ஃபைல் தந்தால் அதில் 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று தேடுங்கள். அதற்குச் சற்று மேலே உள்ள வரிகளில்தான் உண்மையான காரணம் இருக்கும்.

கணக்கின் பெயர் தமிழில் இருந்தால்

ஆங்கிலக் கையேடுகளில் இதைப் பார்க்க முடியாது. விண்டோஸைப் போட்டபோது பயனர் பெயரைத் தமிழில் கொடுத்திருந்தால், உங்கள் ஃபோல்டரின் பெயரும் தமிழிலேயே இருக்கும். நிறுவிகள் தற்காலிக ஃபைல்களை அதற்குள்தான் விரிக்கும். யூனிகோட் தெரியாத பழைய நிறுவிக்கு அந்தப் பாதை வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிவதால், ஃபைலைக் காணவில்லை என்று நின்றுவிடும். சிஸ்டம் லொகேலைத் தமிழுக்கு மாற்றியும் பயனில்லை, ஏனென்றால் விண்டோஸில் தமிழுக்குப் பழைய வகைக் குறிமுறைப் பக்கமே கிடையாது. கன்ட்ரோல் பேனலில் கணக்கின் பெயரை மாற்றினாலும் ஃபோல்டர் பெயர் மாறாது.

சுலபமான வழி, ஆங்கில எழுத்தில் புதிய அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு ஒன்றைத் திறந்து அதிலிருந்து ஏற்றுவது. இல்லாவிட்டால் சி டிரைவில் டெம்ப் என்ற ஃபோல்டரை உண்டாக்கி, சிஸ்டம் புரொப்பர்ட்டீஸின் என்வைரன்மென்ட் வேரியபிள்ஸில் டெம்ப், டிஎம்பி இரண்டையும் அங்கே திருப்பிவிடுங்கள்.

குளிரும் இடியும்

ஒரே ஃபைல் ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில் நின்றால் குறை ஃபைலில். மறுபடி டவுன்லோட் செய்யுங்கள். ஒரு தரம் 30 சதவீதத்தில், இன்னொரு தரம் 70 இல், பிறகு நீலத் திரை என்று மாறி மாறி நின்றால் ரேமைச் சந்தேகியுங்கள். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்து ஈரத்தில் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த கணினிக்கு இது சகஜம். பிளக்கைக் கழற்றி, ரேமை எடுத்து, அதன் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசை ஊதிவிட்டு, இரு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று விழும்வரை அழுத்திப் போடுங்கள். பிறகு விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக்கை ஒரு தரம் ஓட விடுங்கள். குளிர்ந்து கிடந்த கணினியைப் போட்டதும் வேலையைத் தொடங்காமல் கால் மணி நேரம் சும்மா ஓட விடுவதும் நல்லது.

சர்வீஸ் பேக் ஏற ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் பிடிக்கலாம். அக்டோபர், நவம்பரில் பின்னேரம் ஆனால் இடியும் மழையும்தான்; ஆகவே காலையில் தொடங்குங்கள். பேட்டரி செத்த லெப்டொப்பும் யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியும் இந்த விடயத்தில் ஒன்றுதான். நடுவில் கரண்ட் போய்விட்டால், திரும்ப வந்ததும் 'மாற்றங்களைத் திருப்புகிறது' என்று வரும் திரையை எவ்வளவு நேரமானாலும் குழப்ப வேண்டாம். அங்கேயே ஓரிரண்டு மணி நேரம் அசையாமல் நின்றால் மட்டும் அணைத்து, போடும்போது எஃப்8 ஐத் தட்டி சேஃப் மோடுக்குள் போய், ரிஸ்டோர் பாயின்டுக்குத் திரும்புங்கள்.

எப்போது விட்டுவிடுவது

எல்லாம் சரியாகச் செய்தும் சர்வீஸ் பேக்கே ஏறவில்லை என்றால், அது பெரும்பாலும் யாரோ பாகங்களை வெட்டி எடுத்துச் சுருக்கிய விண்டோஸ் பிரதி. இல்லாத பாகத்தை அப்டேட்டால் திருத்த முடியாது. அதோடு, எவ்வளவு ஒட்டுப் போட்டாலும் விண்டோஸ் 7 க்குப் புதிய பாதுகாப்பு அப்டேட் இனி இல்லை. வங்கிக் கணக்கை அதில் திறக்க வேண்டாம்.

64 பிட் செயலியும் 2 ஜிபி ரேமும் 20 ஜிபி இடமும் இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுப் பார்க்கலாம். 4 ஜிபி ரேம் என்றால் வசதி. பென் டிரைவில் அதை எழுத ரூஃபஸ் என்ற சிறு மென்பொருள் வேண்டும். அதுவும் 4.0 இலிருந்து விண்டோஸ் 7 ஐக் கைவிட்டுவிட்டது. இந்தக் கணினியிலேயே எழுதுவதென்றால் 3.22 ஐ எடுங்கள். பென் டிரைவில் உள்ளவை அழிந்துவிடும், முதலில் வேறிடத்தில் நகல் எடுங்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபை, சத்தம், திரை எல்லாம் வேலை செய்கின்றனவா என்று ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். பிள்ளைக்கு வேண்டிய பைத்தன் அதில் ஏற்கெனவே இருக்கும்.